சயாமுக்குப் போன தென்னாற்காட்டார் பெயர்களைத் தேடிக் கொடுங்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தமிழ்நாடு ஆவணக் காப்பக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் நம் மாவட்டத்து ஆட்களும் மண் சுமந்தார்கள். என் தாத்தாவின் தம்பி அவர்களில் ஒருவர். அவர் அனுப்பிய அஞ்சலட்டை ஒன்றுதான் வீட்டில் மிஞ்சியிருக்கிறது.

முகவரியில் ‘தென்னாற்காடு ஜில்லா, கூடலூர் தாலுகா’ என்று நம் கடலூரின் பழைய பெயர் இருக்கிறது. மலாயாவின் பேராக் சுல்தான் படம் போட்ட தபால்தலை, அங்குள்ள தெலுக் ஆன்சன் ஊர் முத்திரை, 1941ஆம் வருடம், பக்கத்திலேயே போர்க்காலத் தணிக்கை முத்திரை. சின்னத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரப்பர் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பால்வெட்டு வேலை நடக்கிறது, தீபாவளிக்குப் பணம் வரும், அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. தபால் நின்றுபோனது. சயாமுக்கு ஆள் பிடித்துப் போனார்கள், காலராவில் போய்விட்டார் என்ற சேதியைப் போர் முடிந்து ஊர் திரும்பிய அதே தோட்டத்துக்காரர் ஒருவர்தான் கொண்டுவந்தார்.

சயாமின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில், அந்த ரயில் பாதை வேலையில் மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர் உண்டு. அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் பெயர் ஒரு தாளில்கூட நம் கையில் இல்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிமார் கூட்டிப்போனவர்கள் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள். 1937இல் சின்னத்தாத்தா போனதும் நாகை வழியேதான். அந்தக் குடிபெயர்வுப் பதிவேடுகளில் எஞ்சியிருப்பவற்றைத் தேடி, தென்னாற்காட்டுப் பெயர்களைக் கிராமவாரியாக வெளியிடுங்கள். பழைய ஜில்லா என்பதால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஊர்களையும் விட்டுவிடக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து டிரங்குப் பெட்டிகளில் இதுபோன்ற கடிதங்களும் மணியார்டர் ரசீதுகளும் இன்னும் கிடக்கும். தாலுகாதோறும் முகாம் போட்டுப் படியெடுங்கள். மூலத்தை அப்போதே உரியவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். போனவர்களை நேரில் பார்த்த பெரியவர்களுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர்கள் முகாமுக்கு வர முடியாது. வீடு தேடி ஆள் அனுப்பி, அவர்கள் சொல்வதை இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சயாமில் மாண்ட தொழிலாளி ஒருவரின் பேரன்,
கடலூர் முதுநகர்