மார்கழிக்கு டிக்கெட் போடாதே

திருகோணமலை
வைகாசி 18

அன்புள்ள மச்சான்,

உன் மகள் ஆங்கிலத்தில் அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. திருகோணமலையில் செய்ய வேண்டிய 15 காரியங்களாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம், முடித்ததும் சரி போட. உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. நீயும் சோதனைக்கு முதல் நாள் இரவு பாடங்களை இப்படித்தான் கட்டம் போட்டு எழுதுவாய். சரி மட்டும் விழாது.

பிள்ளையின் பட்டியலில் பிழையில்லை. பிழை உன் திகதியில். மார்கழி (டிசம்பர்) 20 வந்து 27 போகிறாயாம். அந்தக் கிழமையில் அவளுடைய பட்டியலில் பாதிக்கு மேல் நடக்காது. வட்ஸ்அப்பில் இதை எழுதினால் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு டிக்கெட் போட்டுவிடுவாய் என்று பயந்துதான் கடிதமாக எழுதுகிறேன்.

முப்பத்தைந்து வருடம் குளிரில் இருந்தவனுக்கு மார்கழி என்றால் பள்ளி விடுமுறை. இங்கே மார்கழி என்றால் வாடை, வடகிழக்குக் காற்றும் மழையும். மறந்துவிட்டாயா? ஐப்பசியில் கறுக்கும் வானம் தைப்பொங்கல் வரைக்கும் முழுதாக வெளிக்காது. வள்ளங்களை மேலே ஏற்றித் தென்னையோடு கட்டிவிடுவார்கள். உப்புவெளியில் அலை மணலைத் தின்றுகொண்டு வேலிக்குக் கிட்ட வந்துவிடும். 1964 மார்கழியில் அடித்த சூறாவளியை அம்மா கடைசிவரை கதையாகச் சொன்னா, உனக்கும் சொல்லியிருக்கிறா.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இலங்கைக்கு மார்கழியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம் என்று போட்டிருப்பார்கள். அது தெற்கே மிரிஸ்ஸ, ஹிக்கடுவைப் பக்கத்துக் கணக்கு. தீவு சின்னதுதான், ஆனால் கடல் இரண்டு. தெற்கில் கடல் குமுறும் மாதங்களில் நம் பக்கம் தென்மேற்குக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போல் கிடக்கும். சித்திரை பிற்பகுதி தொடங்கிப் புரட்டாதி வரை நம் காலம். (கச்சான் என்றதும் உனக்குக் கடற்கரையில் சுருளில் வாங்கித் தின்ற கச்சான் கடலை ஞாபகம் வரும். அதுவும் இருக்கிறது, சுருள் மட்டும் மெலிந்துவிட்டது.)

போன மார்கழியில் லண்டனிலிருந்து மனிசியின் அண்ணன் மகள் குடும்பம் வந்தது. கடற்கரையோரம் ஒரு விடுதியில் தங்கினார்கள். ஒவ்வொரு காலையும் விடுதிக்காரன் "நாளைக்கு போட் ஓடும்" என்றான். மூன்று நாளும் பிள்ளைகள் அறைக்குள் சீட்டு விளையாடினார்கள். நான்காம் நாள் கண்டிக்குப் போய்விட்டார்கள். உனக்கும் அது நடக்கக் கூடாது.

ஆகவே ஆடி (யூலை) கடைசி அல்லது ஆவணி. உங்கள் பக்கத்திலும் அப்போது பள்ளிக்கூடம் பூட்டுத்தானே. அப்படி வந்தால் என்ன செய்யலாம் என்பதை என் வரிசையில் சொல்கிறேன்.

முதல் நாள் புறாமலைத் தீவு. பட்டியலில் ஆறாவதாகக் கிடக்கிறது, தூக்கி முதலில் வை. நிலாவெளிக் கரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். 2003இல் தேசிய பூங்காவாக்கிவிட்டார்கள், அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கனடா பாஸ்போர்ட்டுக்கு வேறு விலை. பிறந்த மண் என்று அங்கே நின்று வாதாடாதே, எனக்கு வெட்கம். காலை ஏழு மணிக்கு முதல் போட்டில் போய்விட வேண்டும். பத்து மணிக்குச் சனம் வந்து குவிந்துவிடும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் அந்தப் பக்கமே தலை வைக்காதே. மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பித் தண்ணீர் கலங்கும், ஒன்றும் தெரியாது.

இறங்கும் கரையில் ஆழமில்லாத இடத்திலேயே முருகைக்கல் (பவளப்பாறை) தொடங்கிவிடும். முகமூடியைப் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தால் போதும், நீந்தத் தேவையில்லை. மறுபக்கத்துக் குடாவில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் முழங்கால் தண்ணீர் வரை வரும். உன் மனிசி பயப்படுவா, சொல்லி வை: அவை எங்களைக் கண்டு ஓடுகிற சாதி. ஆமையும் காணலாம். ஒன்றே ஒன்றுதான், பிள்ளைகள் முருகைக்கல்லில் கால் ஊன்றக் கூடாது. அது கல்லில்லை, உயிர். இருந்ததில் நிறையச் செத்து வெளிறிப்போய்க் கிடக்கிறது. வெப்பம் ஒரு பக்கம், மிதித்தது ஒரு பக்கம். நாங்கள் பெடியளாக இருந்தபோது உடைத்துக் கொண்டுவந்து ஷோகேசில் வைத்தோமே, அந்தக் கணக்கும் இதில் சேரும். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவைப் பீரங்கி சுட்டுப் பழகும் குறியாகவே வைத்திருந்தார்கள். அதையும் தாண்டித்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

திமிங்கிலம் பார்ப்பது மூத்தவனின் ஆசை என்று எழுதியிருந்தாய். நடக்கும். ஆனால் ஆவணிக்கு நாள் தள்ளத் தள்ளக் குறையும், அதனால்தான் ஆடிக் கடைசி என்கிறேன். நம்முடைய துறைமுக வாசலிலேயே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. வேறு இடங்களில் நெடுந்தூரம் ஓடிப் பிடிக்க வேண்டிய ஆழம் இங்கே கரைக்குக் கிட்டவே வந்துவிடுகிறது. நீலத்திமிங்கிலம் தீனி தேடி அந்த ஆழத்தை ஒட்டி வரும். அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையில் நின்றே அது ஊதும் மூச்சைக் காணலாம். நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன், ஒரு தரம் அர்ச்சனைத் தட்டோடு.

போட்காரர்களில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் திமிங்கிலத்தைத் துரத்துவான். அவனிடம் போகாதே. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான், இடம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பான். அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு பக்கத்திலேயே ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். பஸ் கதவு திறப்பது போல. முதுகு வந்து, வந்து, வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் காசு கொடுப்பது, படத்துக்கில்லை. ஓங்கில் (டொல்பின்) கூட்டம் எப்படியும் வரும், அதற்குத் தனியாக ஆசைப்படத் தேவையில்லை.

கோணேசர் கோவில் உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பிள்ளைகளோடு பகல் பதினொரு மணிக்குப் போகாதே, கல் காலைச் சுடும். பின்னேரம் கோட்டை வாசலில் இறங்கி நடந்து ஏறுங்கள். வாசல் கல்லில் இரட்டை மீனும் துண்டுக் கல்வெட்டும் இருக்கிறதே, குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்கிறது, அதை மகளுக்குக் காட்டு. 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோவிலின் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1956இல் விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடிக் கடலுக்குள் தூண்களைக் கண்டதையும் சொல்லு. விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை, கிளார்க் பெயர் தெரிந்திருக்கும். மான்களுக்குச் சோற்றுப் பார்சலைப் பொலித்தீனோடு போட வேண்டாம். பூசை முடிந்து, பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுப் பக்கம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நாங்கள் கடைசியாக ஒன்றாக நின்ற இடம் அதுதான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடியற்காலையில். ஏழு கிணறு, ஏழு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். மார்பிள் பீச்சில் நிழல் உண்டு, தண்ணீர் அமைதி, சின்னவனுக்குச் சரி. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். நீ போன காலத்தில் கிண்ணியாவுக்குப் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம், ஞாபகமா, பஸ்ஸும் மாடும் நாமும் ஒன்றாக? 2009இல் பாலம் வந்துவிட்டது, 396 மீற்றர். அதால் மூதூருக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம். நண்டுக் கறி என் பொறுப்பு. அங்கேதான் 1660இல் ரொபேர்ட் நொக்ஸ் என்ற இங்கிலிஷ் மாலுமியைப் பிடித்தார்கள். முந்தின வருடம் கார்த்திகைப் புயலில் பாய்மரம் முறிந்து, மரம் மாற்றக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த கப்பல் அவர்களுடையது. ஆள் கண்டி ராச்சியத்தில் பத்தொன்பது வருடம் அகப்பட்டுக் கிடந்து 1679இல் தப்பினான். வாடைக்காலத்தில் இந்தக் கடலில் திரிந்தவனுக்கு நடந்ததைப் பார்.

பகிடியை விடு, ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் இங்கிலிஷ்காரரும் நம் துறைமுகத்துக்கு அடிபட்டதும் இதே வாடையால்தான். வங்காள விரிகுடா முழுதும் கொந்தளிக்கும்போது கப்பல் பயமில்லாமல் ஒதுங்க இப்படி ஒரு இடம் இல்லை. 1942 சித்திரை (ஏப்ரல்) 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அதே துறைமுகத்துக்காக. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. நிலாவெளி வீதியில் யுத்த மயானத்தைக் கடக்கும்போது ஓட்டோவை நிறுத்தச் சொல்லி உள்ளே ஒரு நடை போங்கள். கல்லில் வயதைப் பார்த்துவிட்டு மூத்தவன் ஏதாவது கேட்பான்.

இனி ஒரு உண்மை சொல்ல வேண்டும். இவ்வளவும் பிள்ளைகளுக்காக எழுதினேன். உனக்காக என்றால் மார்கழிதான். திருவெம்பாவைக்கு விடியமுன் மலை ஏறினால் கடல் கீழே இருட்டில் இடித்துக்கொண்டிருக்கும், மணிச் சத்தத்தைக் காற்று கொண்டுபோய்விடும். வெள்ளைக்காரச் சனம் ஒருவரும் இருக்காது. கந்தளாய்க் குளம் முட்டி நிற்கும். மழையில் நனைந்துகொண்டு கன்னியாவில் சுடுதண்ணீர் ஊற்றுவது வேறு சுகம். நீ ஊரை விட்டுப் போனதும் ஒரு மார்கழியில்தான். உனக்குள் கிடக்கிற திருகோணமலை மழையோடுதான் கிடக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் கை தானாக அந்தத் திகதியைப் போட்டதோ என்னவோ.

அப்படியென்றால் இந்த வருடம் ஆடியில் குடும்பத்தோடு வா. இன்னொரு வருடம் மார்கழியில் தனிய வா. வீட்டில் அறை இருக்கிறது, கூரையும் இந்த முறை ஒழுகாது.

திகதி முடிவானதும் சொல்லு, போட் தம்பிக்கு முதலே சொல்லி வைக்க வேண்டும். சொக்லேட் ஒன்றும் கொண்டுவராதே, இங்கே வீட்டில் எல்லாருக்கும் சீனி வருத்தம். நல்ல தூண்டில் முள்ளும் ஒரு சுருள் தங்கூசி நூலும் கொண்டுவா. டச்சுபே கடற்கரைக் கல்லில் நீயும் நானும் இருந்த இடத்தில் இப்போது வேறு பெடியள் இருக்கிறார்கள், ஆனால் விலகி இடம் தருவார்கள்.

உன்,
பழைய கூட்டாளி