தரகர் சொல்லும் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு விற்பது பற்றிய உங்கள் கட்டுரையில் பெயின்ட் அடிப்பதற்கே பாதி இடம் போய்விட்டது. தரகரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டால், அதிகம் சொல்பவர் பக்கம்தான் மனம் சாயும். வேலையைப் பிடிப்பதற்காகவே சிலர் விலையை ஏற்றிச் சொல்வதுண்டு. தரகரோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும், “சந்தை மந்தமாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே” என்பார்கள். அதற்குள் விளம்பரம் பழசாகி, பார்ப்பவர்களுக்கு வீட்டில் ஏதோ வில்லங்கம் என்று தோன்றிவிடும். அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் சரி, அடுத்தவரைப் பார்க்கலாம்.

அந்தத் தரகர் மட்டுமே விற்கலாம் என்று ஒப்பந்தம் இருந்தால், அது எத்தனை மாதம், நாமே ஆள் பிடித்தாலும் தரகுப் பணம் உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பெயின்ட். ஈரம் ஊறிய சுவரில் அடித்தால் சீக்கிரமே கொப்பளிக்கும். ஒரு சுவர் மட்டும் புதுசாக மினுங்கினால், வருபவர் முதலில் அங்கேதான் கையை வைத்துப் பார்ப்பார். கசிவைச் சரிசெய்து, ரசீதை எடுத்து வைப்பதே மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்