பொம்மியைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கால்நடை மருத்துவம் பார்க்கும் நான், பாம்பு கடித்துப் பிழைத்த எங்கள் வீட்டு நாய் பொம்மிக்காக எழுதும் நன்றி மடல் இது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. உதவிய சிலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் தோப்பில் கள் இறக்க வரும் அண்ணனுக்கு முதல் நன்றி. சாயங்காலம் மரத்தில் இருந்தவர், பொம்மி அலறியதைக் கேட்டு இறங்கி ஓடியிருக்கிறார். பாம்பை அடிக்கப் போகவில்லை. தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பொம்மியை நடக்கவிடாமல் தோளில் தூக்கி வந்து சேர்த்தார். படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதுகு நெடுகக் கறுப்பு விளிம்பு கட்டிய வட்டங்கள், கண்ணாடி விரியன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் கடிக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான். இருந்தாலும் கடித்தது எது என்று தெரிந்தால் ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் முதலிலிருந்தே கண்காணிக்கலாம். அந்தப் படம் எங்களுக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது.

அடுத்தது, மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் என்னோடு படித்து இப்போது பாலக்காட்டில் கிளினிக் நடத்தும் தோழிக்கு. என்ன எழுதினாலும் குறையாகத்தான் இருக்கும். விரியன் கடித்த நாய்களுக்கு நானே பலமுறை மருந்து ஏற்றியிருக்கிறேன். அன்று பொம்மியின் முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக் கிடந்தபோது, காலில் நரம்பு தேடிய என் விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. தோழி என் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். "நீ தலையைப் பிடிச்சுக்கோ, பேசிக்கிட்டே இரு. மத்தது என் பொறுப்பு" என்றாள். நாளைக்குச் சிறுநீர் குறையலாம், மறுநாள் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். படித்ததெல்லாம் அன்று பயமாகத்தான் வந்து நின்றது. "நீயும் டாக்டர்தானே, என்ன பண்ணலாம் சொல்லு" என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்களைப் போலவே என்னையும் உட்காரவைத்து விளக்கினாள், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள், முடிவுகளை அவளே எடுத்தாள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பிராணியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஊரும் நினைக்கிறது, நாங்களும் நினைக்கிறோம். இதைப் படிக்கும் டாக்டர்களே, உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் தயவுசெய்து இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

அங்கே உதவிக்கு இருக்கும் தம்பியை எப்படி மறப்பேன்? ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் கணக்குத் தப்பும். சாய்த்துப் பார்த்தபோது பொம்மியின் ரத்தம் உறையவே இல்லை, தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்து பொடியாக வருவது. குப்பிக்கு 10 மில்லி நீர் விட்டுக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். அந்தத் தம்பி ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, பொறுமையாக உருட்டி உருட்டிக் கரைத்துக் கொடுத்தான். இரவு முழுக்கச் சிறுநீரை அளந்து எழுதிவைத்ததும் அவனே. கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் வந்துகொண்டிருந்தது, விடியும் நேரத்தில் கொஞ்சம் தெளிந்ததும் என்னை எழுப்பிக் காட்டினான்.

மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்ததல்ல, உள்ளே இறங்கிய விஷத்தைப் பொறுத்தது. சின்ன நாய்க்கும் பெரிய ஆளுக்கு ஆகிற அளவு குப்பிகள் தேவைப்படலாம். தோழியிடம் இருந்தது போதவில்லை. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், எனக்கு முன்பின் அறிமுகம் இல்லாதவர், தன் இருப்பிலிருந்து எடுத்து வேலந்தாவளம் வழியாக பைக்கில் ஆளனுப்பினார். பணம் வேண்டாம், மருந்தாகவே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வாங்கி வைத்துவிட்டேன் சார், இந்த வாரம் வந்துசேரும்.

அந்தக் குப்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இருளர் பழங்குடி மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகும் விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது, 1978-ல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைப் பிடித்து, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன். இப்போது கடன்பட்டும் இருக்கிறேன்.

அப்புறம், ஓய்வுபெற்ற எங்கள் டாக்டர் சார். அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகளையெல்லாம் அவர்தான் பார்த்தார். சித்தூர் பக்கம் ஒரு பசு ஈன முடியாமல் கிடக்க, இந்த வயதில் வயல் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போய்க் கன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுநாள் அந்த வீட்டுச் சேச்சி எனக்கு போன் செய்தார். கன்றைப் பற்றிச் சொல்லும் முன் "நம்ம பொம்மி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்.

கடைசியாக, தங்கள் ராஜபாளையம் நாயை நள்ளிரவில் காரில் ஏற்றி வந்த அரிசி மில்காரர் குடும்பத்துக்கு. பொம்மிக்கு ரத்தம் தேவை என்று கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்கள். ரத்தப் பொருத்தம் பார்த்து, எடுத்து முடிக்கும்வரை அந்த வீட்டுப் பையன் அதன் காதைத் தடவிக்கொண்டே நின்றான். இன்று பொம்மி சாப்பிடுகிறாள், தோப்பைச் சுற்றுகிறாள். சிறுநீரகத்தை இன்னும் சில மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நாயிடம் தானம் எடுப்பதில்லை, ஆகவே பொம்மியால் திருப்பித் தர முடியாது. என் தம்பி வீட்டில் நல்ல உடம்போடு இரண்டு நாய்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து வைத்திருக்கிறோம். பாலக்காட்டிலோ பொள்ளாச்சிப் பக்கமோ எந்த வீட்டு நாய்க்கு ரத்தம் தேவைப்பட்டாலும், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.