நடுவில் நின்ற அஜித்பாலை மறக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் 1975 உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோலாலம்பூரில் நடந்த அந்தப் போட்டியை நினைவில் வைத்து எழுத ஆள் இருக்கிறதே என்று மனம் நிறைந்தது. ஆனால் கிண்ணத்தை வென்ற இந்தியக் குழுவின் தலைவர் அஜித்பால் சிங்கை 'முன்வரிசை ஆட்டக்காரர்' என்று குறிப்பிட்டு, ஒரே வரியில் அவரைக் கடந்து போய்விட்டீர்கள். கோல் போட்டவர்களுக்கு மட்டும் அரைப் பக்கம். இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அஜித்பால் முன்வரிசையில் ஆடியவர் அல்லர். சென்டர் ஹாஃப். ஐந்து பேர் முன்னே, மூன்று பேர் நடுவே, இருவர் பின்னே என்று நின்று ஆடிய காலம் அது. அந்த மூவரிலும் நடு ஆள் அவர். எதிராளியின் பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தை இடமா வலமா என்று பார்த்து அனுப்புவதும், ஆட்டத்தின் வேகத்தை ஏற்றி இறக்குவதும் அவர் பொறுப்பு. இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு 13 வயது. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. தோட்டத்து எழுத்தரான கிராணி ஐயா வீட்டு வாசலில் வானொலியை வைத்துவிடுவார்கள். வர்ணனை புரியாதவர்களுக்காக அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். பால் வெட்டிவிட்டு வந்த பெரியவர்கள் தரையில் குந்தியிருக்க, பிள்ளைகள் நாங்கள் பின்னால் நின்றோம். வர்ணனையாளர் வேகமாகப் பேசும்போது கிராணி ஐயாவால் ஈடுகொடுக்க முடியாது. பெயர்களை மட்டும் சொல்லுவார். 'அஜித்பால்... கோவிந்தா... மறுபடி அஜித்பால்... பிலிப்ஸ்... அஜித்பால்.' கோல் போட்டவர் பெயர் எப்போதோ ஒரு தடவைதான் வந்தது. இந்தப் பெயர் மூச்சுக்கு மூச்சு வந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்தான் பந்து போகிற வழியில் எல்லாம் நிற்கிறார் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. (பிலிப்ஸ் என்றால் வி. ஜே. பிலிப்ஸ், தமிழ்நாட்டுக்காரர். அவர் பெயர் வரும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும்.)

அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதியபோது எங்கள் லயத்தில் நிலைமை வேறு. பூன் ஃபூக் லோக் அடித்த இரண்டு கோல்களால் ஹாலந்தை வீழ்த்திவிட்டு வந்திருந்தார்கள் நம் பிள்ளைகள். குழுவின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன், நம்மவர். என் அப்பா இந்தியாவில் பிறந்தவர். கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல் அவருடைய கூட்டாளிகள் பலர் குடும்பத்தோடு கப்பலேறிப் போயிருந்தார்கள். அப்படிப்பட்டவர் அன்று மலேசியாவுக்காகக் கத்தினார். நாம் 2-1 என்று முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆளாக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் (கோலருகே எதிரணி செய்யும் தவறுக்குக் கிடைக்கும் வாய்ப்பு) சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலோடு 3-2. வாசலில் ஒருவரும் பேசவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 15, சனிக்கிழமை, மெர்டேக்கா அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். "நம்மைத் தோற்கடித்தவன் இன்னொருவனிடம் தோற்கக் கூடாது" என்றார். முதல் கோல் பாகிஸ்தானுக்கு. சுர்ஜித் சிங் சமன் செய்தார். ஹாக்கி மேதை தியான் சந்தின் மகன் அசோக் குமார் வெற்றிக் கோலைப் போட்டார். 2-1. அதற்குப் பிறகு 2023 வரை நடந்த எந்த உலகக் கிண்ணத்தையும் இந்திய ஆண்கள் குழு வெல்லவில்லை. 1975இல் நாம் பிடித்த நான்காம் இடத்தை நம் நாடும் இன்னும் தாண்டவில்லை.

அஜித்பாலுக்கு அந்தக் கிண்ணம் சும்மா வந்து கையில் விழவில்லை. பஞ்சாபில் ஜலந்தருக்குப் பக்கத்தில் உள்ள சன்சார்பூர் அவருடைய ஊர். இராணுவ முகாமை ஒட்டிய சிறு கிராமம். அங்கிருந்து மட்டும் பத்துக்கும் மேற்பட்ட ஒலிம்பிக் ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 1972 மியூனிக்கில் மறுபடி வெண்கலம். 1971இல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கிண்ணத்தில் அவரே தலைவர், அங்கும் வெண்கலம். 1973 இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னிலை பெற்றும் ஹாலந்திடம் பெனால்டியில் பறிகொடுத்த குழுவிலும் இருந்தார். இத்தனை ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகுதான் நம் மண்ணில் அவர் கிண்ணத்தைத் தூக்கினார். மறு ஆண்டு மாண்ட்ரியலில், ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் திடல். புல்லில் பந்தை அடக்கி ஆளப் பழகியிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அப்போதும் தலைவர் அவர்தான். அந்தத் தோல்வியையும் சேர்த்தே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்பேன்.

அந்த மார்ச் மாதத்திலிருந்து எங்கள் தோட்டத்துத் திடலில் ஒரே ஹாக்கிதான். வளைந்த கொய்யாக் கிளையை வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்த வேண்டிய இடத்தை நிமிர்த்துவோம். பந்துக்கு ஒட்டுப்பால். மரத்தின் வெட்டுக் கோட்டில் காய்ந்திருப்பதை நாடா நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் உருண்டையாகிவிடும். நாற்றம் கையை விட்டு இரண்டு நாளைக்குப் போகாது. எல்லோரும் ஹர்சரணாகவும் அசோக் குமாராகவும் இருக்க ஆசைப்பட்டார்கள். நான் நடுவில் நின்றேன். அந்தத் திடல் செம்பனைக்குள் மறைந்து வெகுநாளாகிறது.

இப்போது பணி ஓய்வு பெற்று, வாரத்தில் மூன்று மாலை இங்குள்ள பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள். பதினான்கு பேரும் கோல் போடத்தான் வருகிறார்கள். நடுவில் ஒருவனை நிறுத்தினால் முகம் தொங்கிப்போகிறது, ஏதோ தண்டனை கொடுத்த மாதிரி. உங்கள் கட்டுரையை அவர்களிடம் காட்டினேன். படத்தில் கிண்ணத்தோடு நிற்பவரைத் தொட்டு, "இவர் எத்தனை கோல் போட்டார், ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். அவர் செய்த வேலை அது இல்லை என்று தொடங்கி, தரையில் குச்சியால் கோடு போட்டு, பதினொரு கூழாங்கற்களை வைத்து விளக்கினேன். நடுக் கல்லை அவனே எடுத்துக் கொஞ்சம் முன்னே நகர்த்தி வைத்து, "இங்கே நின்றால் இரண்டு பக்கமும் கொடுக்கலாமே" என்றான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, பிழையைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். அதோடு, அஜித்பால் சிங்குக்கும் அவரை எதிர்த்து ஆடிய நம் 1975 குழுவுக்கும் மாணவர் பகுதியில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். பதினான்கு பிரதிகளுக்கு இப்போதே கடைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்