கிணறு விளங்கியது, பேச்சு விளங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு மலரில் வந்த புதிய ஆவணப்படங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பெர்லின் திரைப்பட விழாவில் எது, கானில் எது, சன்டான்ஸில் எது என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒன்றை மட்டும் கட்டுரையாளர் தொடவேயில்லை. இந்தப் படங்கள் கொழும்புக்கு வந்துசேரும்போது திரையின் அடியில் ஓடும் எழுத்து எந்த மொழியில் இருக்கிறது?

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. இடைக்கிடை படங்களுக்கு உபதலைப்பும் எழுதுவேன். ஆகவே இந்தக் கடிதம் சொந்தக் கடைக்கு விளம்பரம் போலத் தெரியலாம். தெரிந்தால் தெரியட்டும்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டியைச் சேர்ந்த என் சின்னம்மா கொஞ்சக் காலம் வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தார். 1990இல் போரின்போது, பிறகு இராணுவம் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு எழும்பியவர்களில் அவரும் ஒருவர். திரும்பப் போய்த் தன் ஊர் மண்ணை மிதிக்க அவருக்கு இருபத்தேழு வருடம் பிடித்தது. ‘நோ அதர் லேண்ட்’ படத்தைக் கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இது சின்னம்மா பார்க்கவேண்டிய படம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பலஸ்தீனத்தில், மேற்குக் கரையின் மசாஃபர் யாட்டாவில், இஸ்ரேலிய இராணுவப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று ஊர் ஊராக வீடுகளை இடிப்பதைப் பற்றிய படம். 2024இல் பெர்லினில் ஆவணப்பட விருது, 2025இல் ஒஸ்கார். அவ்வளவு பெயர் வாங்கியும், அமெரிக்காவில் பெரிய விநியோகஸ்தர் ஒருவர்கூட அதை வாங்க முன்வரவில்லை. எடுத்தவர்கள் தாங்களாகவே படமாளிகைகளுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியிருக்க, அது கொழும்பு வரை வந்ததே பெரிய காரியம்தான். ஏற்பாடு செய்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை.

படத்தில் பேச்சு அரபியும் ஹீப்ருவும். உபதலைப்பு ஆங்கிலம். சின்னம்மாவுக்கு மூன்றும் தெரியாது.

“என்ன சொல்லுறான் தம்பி?” என்று தொடங்கினார். நான் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு வரியைச் சொல்லி முடிக்குமுன் அடுத்த இரண்டு வரி ஓடிவிடும். முன் வரிசையில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவரிலும் பிழையில்லை, அவரும் படம் பார்க்கத்தானே வந்தவர். மூன்றாம் தடவை அவர் ‘ச்ச்’ என்றதும் நான் நிறுத்திவிட்டேன். சின்னம்மாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றிக் கழற்றிக்கொண்டு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மண்டபத்துக்கே கேட்கும்படி வாய்விட்டார். ஊர்க் கிணறு ஒன்றைப் பயன்படுத்த முடியாமல் செய்யச் சீமெந்துக் கலவையை அதற்குள் ஊற்றுகிற காட்சி அது. “ஐயோ, கிணத்துக்கை ஊத்துறாங்கள்!” யாழ்ப்பாணத்துக் காரருக்கு அந்தக் காட்சிக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தேவையில்லை. முன் வரிசைக்காரர் இந்தமுறை திரும்பவில்லை.

ஆனால் அந்தப் படத்தின் உயிர் இடிபாட்டில் மட்டும் இல்லை. இரண்டு இளைஞர்கள் காருக்குள்ளும் வீட்டு வாசலிலும் இருந்து கதைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் பாசல் அத்ரா, அந்த ஊர்க்காரர். மற்றவர் யுவால் ஆபிரகாம், இஸ்ரேலியப் பத்திரிகையாளர், அரபி படித்தவர். யுவால் நினைத்த நேரம் தன் ஊருக்குக் கார் ஓட்டிப் போகலாம், பாசல் மேற்குக் கரையை விட்டு அப்படிப் போக முடியாது. எவ்வளவு சினேகிதமாகக் கதைத்தாலும் அந்த வித்தியாசம் இடையில் வந்து குந்திக்கொள்ளும். இது பேச்சில்தான் இருக்கிறது, படத்தில் கண்ணால் பார்க்கிற இடத்தில் இல்லை. சின்னம்மாவுக்குக் கிடைக்காமல் போனதும் இதுதான்.

தமிழ் உபதலைப்புப் போடுவது பெரிய செலவோ என்று கேட்பார்கள். நான் கடைசியாகச் செய்த எழுபது நிமிடப் படத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகள் இருந்தன. மாலை நேரங்களில் செய்து மூன்று கிழமையில் முடித்தேன். ஆங்கில உரைக் கோப்பைக் கேட்டால் படம் எடுத்தவர்கள் மாட்டேன் என்று சொல்வது குறைவு. நான் கேட்ட மூவரில் இருவர் மறுநாளே அனுப்பினார்கள். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல் நீளம். இரண்டு வரிக்குள், பார்க்கிறவர் வாசித்து முடிக்கிற நேரத்துக்குள், ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதை எப்படி அடக்குவது? ‘வாறாங்கள்’ என்று போட்டால் இடமும் மிச்சம், உயிரும் இருக்கும். ஆனால் கொச்சை என்று ஒரு விழாக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். சரி, ‘வருகிறார்கள்’ என்று மாற்றிக் கொடுத்தேன். திரையிட்ட அன்று பார்த்தால் எழுத்து உடைந்து கிடக்கிறது! எடிட்டிங் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்க, ‘பெயர்’ என்ற சொல்லை யாரும் வாசிக்க முடியாது. திரையிடுமுன் தமிழ் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

இப்போது புதிதாக, “எதற்கு ஆள், கணினியே செய்யுமே” என்கிறார்கள். ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ 2022இல் சன்டான்ஸிலும் கானிலும் பரிசு வாங்கிய படம். டெல்லியில் அடிபட்டு விழும் பருந்துகளை வீட்டு நிலவறையில் வைத்து வைத்தியம் பார்க்கும் சகோதரர்களின் கதை. ஆங்கிலத்தில் இந்தப் பருந்துக்கும் நாம் விடும் பட்டத்துக்கும் ‘கைட்’ என்று ஒரே சொல். அந்தப் பருந்துகள் பல காயப்படுவதோ பட்டம் விடுகிற மாஞ்சா நூலில். ஒரு விளையாட்டுக்கு இதைக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தேன். பட்டத்தின் நூல் பட்டத்தின் செட்டையை வெட்டியது, பட்டத்துக்கு இறைச்சி கொடுத்தார்கள் என்று வந்தது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு விடுகிற பட்டங்களுக்கும் இனி இறைச்சி வாங்கவேண்டி வரும்.

இது புதிய நோயும் இல்லை. இலங்கை ஆவணப்படம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’. தேயிலை விளம்பரப் பணத்தில் எடுத்தது, ஆங்கில வர்ணனையை வாசித்தவர் எங்கள் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். கொழுந்து பறித்தவர்களுக்குத் தாங்கள் வாழும் நாட்டைப் பற்றி அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று விளங்கியிருக்குமா? தொண்ணூறு வருடம் கழித்தும் நான் அதே கேள்வியோடு மண்டபத்தை விட்டு வெளியே வருகிறேன்.

தமிழிலேயே பேசும் படத்துக்கும் இந்தக் கதிதான். 2023இல் ஒஸ்கார் வாங்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலையில் யானைக்குட்டி வளர்க்கும் தம்பதியைப் பற்றியது. அவர்கள் பேசுவது தமிழ். எங்கள் மாடியில் இருக்கும் மூன்று குடும்பங்களுக்கு இதைச் சொன்னபோது, “அது இங்கிலிஷ் படமெல்லோ?” என்றார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு நெட்ஃபிளிக்ஸில் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

யூட் ரட்ணம் உள்நாட்டுப் போரைப் பற்றி எடுத்த ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ 2017இல் கானில் காட்டப்பட்டு, அதே வருடம் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சரியோ பிழையோ, அதற்காக எவ்வளவு பேர் எழுதினோம், சண்டை பிடித்தோம். நானும் எழுதினேன். மொழி விளங்காமல் ஒருவர் பாதிப் படத்தோடு வீட்டுக்குப் போனால் அதற்கு ஒருவரும் எழுதுவதில்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். படங்களைப் பட்டியலிடும்போது இடம், நேரம் போடுகிறீர்கள்தானே, பக்கத்தில் உபதலைப்பு மொழி என்று ஒரு சொல்லும் சேர்த்துப் போடுங்கள். தமிழ் இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். வாராவாரம் அதை அச்சில் பார்த்தால் கலாசார நிலையங்களில் இருப்பவர்களுக்குக் கொஞ்சமாவது உறுத்தும்.

சின்னம்மா இப்போது மயிலிட்டியில் இருக்கிறார். உங்கள் கட்டுரையை வாசித்த அன்று இரவு தொலைபேசியில் அந்தப் படத்தைப் பற்றிக் கதை வந்தது. அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் சுகமாக இருக்கிறார்களோ என்று கேட்டார். எந்த அண்ணன் தம்பி என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. காருக்குள் இருந்து கதைத்த இரண்டு பேரையும்தான் சொல்கிறார். அவர்களில் ஒருவர் மற்றப் பக்கத்துப் பொடியன், இவர்களுடைய பாஷையைப் படித்து வந்து கதைத்தவர் என்று சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை.

“அப்ப நான் பாத்தது வேற படமெல்லோ தம்பி” என்றார்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06