மூன்று தாள்களில் மூன்று வயது: தேவிகுளம் சார் ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார் ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா அதே தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலிலும் அதைப் பார்த்து எழுதிய வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் அவர் 1962இல் பிறந்தவர். ஆதார் அட்டையில் 1968 ஜனவரி முதல் தேதி. என் பாட்டி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்த கணக்கு வேறு: தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு அடுத்து வந்த ஆடியில் அம்மா பிறந்தார். அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. ஆகவே அம்மா பிறந்தது 1965 ஆடி, விசுவாவசு ஆண்டு.

இந்த மூன்று கணக்குகளில் முதல் இரண்டிலும் உள்ள பிறந்த ஆண்டை அம்மா சொல்லி எவரும் எழுதவில்லை. 1980இல் தோட்ட வேலைக்குப் பேர் பதிய வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. தோட்டத் தொழிலாளர் சட்டப்படி பதினெட்டு நிறைந்தவரே வயது வந்த தொழிலாளி என்பதாலும், முழுச் சம்பளம் கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பதாலும், தொழிலாளர்கள் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். கூட நின்ற தாத்தாவும் மறுக்கவில்லை. பிறகு ஆதார் முகாம் வந்தபோது, கையில் எந்தச் சான்றும் இல்லாத அம்மாவிடம் வயதை மட்டும் கேட்டு, கணினியில் உட்கார்ந்திருந்த பையன் அதைக் கழித்து ஏதோ ஒரு பிறந்த ஆண்டைப் போட்டான். நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி முதல் தேதி என்று வந்தது. எங்கள் லயத்தில் மட்டும் ஒன்பது பேர் அந்த ஒரே நாளில் பிறந்தவர்களாக இருக்கிறார்கள்.

இதன் விளைவைக் கணக்காகவே சொல்கிறேன். தோட்டக் கணக்குப்படி ஐம்பத்தெட்டு நிறைந்துவிட்டது என்று 2020இல் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உண்மையில் அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து. வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால், ஆதாரும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திரும்பி வந்தது. அந்தத் திட்டத்தில் 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் 1,000 ரூபாய்தான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த ஆயிரத்துக்காகத்தான் இத்தனை நடை. முதியோர் ஓய்வூதியம் கேட்டுப் போனால், ஆதார்படி 2028இல்தான் அறுபது ஆகும், அப்போது வாருங்கள் என்றார்கள். வேலையிலிருந்து நிறுத்தும்போது வயது கூடிப்போனவர், உதவி கேட்கும்போது வயது குறைந்தவராகிவிட்டார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளுக்கு அவர் எந்தக் கணக்கில் வாழ்வது?

ஆதார் என்பது பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று அந்த அட்டையை வழங்கும் ஆணையமே சொல்கிறது. வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியில் பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வயதைத் தீர்மானிக்க ஆதார் போதாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் விண்ணப்பத்தை நீட்டினால், ஜன்னலுக்கு அப்பால் இருப்பவர் முதலில் கேட்பது ஆதார். கடைசியாகப் பார்ப்பதும் அதுதான்.

சென்ற ஆண்டு நான் சங்கரன்கோவில் பக்கத்து எங்கள் பூர்வீக ஊரின் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் போனேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் மலையிறங்கித் தாய்வீடு போவது அன்றைய வழக்கம் என்பதால், இங்கே வேலை செய்த பலருடைய பிறப்பு அங்கேதான் பதிவாகியிருக்கிறது. ஓரங்கள் பொடிந்த அந்தப் பேரேட்டில், நீல மை பழுப்பேறிய ஒரு வரியில், தாத்தாவின் பெயரும் தெருவும் எழுதி, குழந்தை என்ற கட்டத்தில் ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. பிறந்து சில நாளில் பதிந்த குழந்தைக்கு அதற்குள் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தேதி 1965 ஜூலை 29, ஆடிப் பதினான்கு. பாட்டியின் கணக்கு சரியாக இருந்ததைப் பார்த்து அங்கேயே அழுதுவிட்டேன். ஆனால் அந்தப் பெயரில்லாத பெண்தான் என் அம்மா என்பதை யார் சொன்னால் இங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இதுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

வயதைத் திருத்துவதில் அரசுக்கு எச்சரிக்கை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஓய்வு பெறும் நேரத்தில் வயதைக் குறைத்து இன்னும் சில ஆண்டு பணியில் நீடிக்கப் பார்த்தவர்களின் வழக்குகள் பல உண்டு. அதனால்தான் மத்திய அரசு ஊழியர்கள் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் திருத்தம் கேட்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, 1993இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த விதி நியாயமானது. ஆனால் அது தன் பணிப் பதிவேட்டைத் தானே படித்துக் கையெழுத்திட்டவருக்கு உரியது. பெருவிரல் ரேகை வைத்த பெண்ணுக்குத் தன் பெயருக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்பதே வேலையை விட்டு நிறுத்திய நாளில்தான் தெரிந்தது. இழந்த மூன்று ஆண்டுச் சம்பளத்தை அம்மா கேட்கவில்லை. இனி வரவேண்டியது வந்தால் போதும் என்கிறார்.

சான்று இல்லாதவர்கள் அரசு மருத்துவரின் வயதுச் சான்றும் நீதிமன்ற உறுதிமொழிப் பத்திரமும் தரலாம் என்று ஒரு வழி சொல்கிறார்கள். எலும்பைப் படமெடுத்து வயதைக் கணிப்பது வளரும் பிள்ளைகளுக்கே முன்பின் இரண்டு ஆண்டு பிசகும்; அறுபதை எட்டியவருக்கு அது எதையும் துல்லியமாகச் சொல்லாது. அதைவிட ஒரு பழைய பதிவேட்டு வரியும், உடன்பிறந்தவர்களின் வரிசையும், கூடப் பேர் பதிந்த நான்கு கிழவிகளின் வாக்குமூலமும் பலமடங்கு நம்பத்தக்கவை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது, மூணாறில் ஓர் அதாலத், அதாவது மனுக்களை நேரில் விசாரித்துத் தீர்க்கும் ஒரு முகாம். தோட்ட நிர்வாகம், வைப்பு நிதி, ஆதார், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஆகிய நான்கு தரப்பினரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அமர வேண்டும். வருவாய்த் துறை ஒருமுறை விசாரித்துக் கண்ட வயதை நால்வரும் ஏற்க வேண்டும். ஒவ்வோர் அலுவலகமும் மற்றதன் தாளைத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்புகிற வரையில் இந்தச் சுற்று ஓயாது. பழைய பதிவேடுகளின் நகல் கேட்டுத் தென்காசி, தேனி மாவட்ட நிர்வாகங்களுக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்தே கடிதம் போகட்டும். ஒரு கூலித் தொழிலாளி இரண்டு மாநிலங்களுக்கு இடையே பேருந்தில் அலைந்து வாங்க வேண்டிய தாளா அது? தமிழில் எழுதிய மனுக்களையும் பதிவேட்டு நகல்களையும் மலையாளத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுவரும்படி திருப்பி அனுப்பாதிருக்கவும் ஆணையிட வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது.

2023 அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்குச் சான்று என்று சட்டம் வந்துவிட்டது. என் மகளின் பிள்ளைகளுக்கு இந்த அலைச்சல் இருக்காது. லயங்களில் இன்னும் இருக்கும் அம்மாவின் வயதுக்காரர்களுக்குக் காத்திருக்க நாள் அதிகமில்லை. 2025இல் அதே விசுவாவசு ஆண்டு சுற்றி வந்து, ஆடியில் அம்மாவுக்கு அறுபது நிறைந்தது. அந்தப் பதிவேட்டு வரியின் சான்றிட்ட நகலை இம்மடலுடன் தங்கள் அலுவலகத்தில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
மூணாறு.