'எனக்குப் பார்க்க மட்டும்தான் இறக்கினேன்'

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுப்படம் வந்த சில நாளிலேயே திருகோணமலையில் பலர் தியேட்டர் பக்கம் போகாமலே அதைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். கேட்டால், "நான் விற்கவில்லையே, எனக்குப் பார்க்க மட்டும்தான் இறக்கினேன்" என்பார்கள். இணையத்தில் பலர் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டொரென்ட் முறையில் இறக்குபவர் அப்படிச் சொல்ல முடியாது.

2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பிட்டொரென்ட் (சுருக்கமாக டொரென்ட்) முறையில் படம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. துண்டு துண்டாக, ஏற்கெனவே வைத்திருக்கிற பலரிடமிருந்து வருகிறது, உங்களிடம் ஒரு துண்டு சேர்ந்ததுமே அதைக் கேட்கிற அடுத்தவருக்கு உங்கள் கணினியும் அனுப்பத் தொடங்கிவிடும். முழுப்படமும் இறங்கிய பிறகு மென்பொருளை மூடாவிட்டால் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதைத்தான் 'சீடிங்' என்கிறார்கள். ஆக, உப்புவெளியில் ஓர் அறைக்குள் இருக்கிற தம்பி, ஊர் பேர் தெரியாத யார் யாருக்கோ படம் விநியோகித்துக்கொண்டிருக்கிறார். (டேட்டா ஏன் மாதம் முடிய முதலே தீருகிறது என்று தலையைச் சொறியும் பெற்றோர் இதையும் ஒருக்கால் பார்க்கலாம்.)

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டப்பணம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதை வாசித்த பிறகு தெரியாது என்றும் சொல்ல முடியாது! பென் டிரைவில் படம் ஏற்றித் தந்து காசு வாங்கும் கடைகள் வேறு கதை, அது பச்சையான வியாபாரம்.

சென்னையின் பெரிய ஹீரோவுக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்கிறார்கள். சரி, அவர் தாங்குவார். ஆனால் கடன்பட்டு ஒரு படம் எடுக்கும் எங்கள் பிள்ளைகள் தாங்குவார்களா? இலங்கைத் தமிழ் சினிமா தொடங்கி 60 வருடம் தாண்டியும் அதற்கு நிலையான சந்தை இல்லை, 1983 கலவரத்தோடு இருந்ததும் போயிற்று. இருக்கிற நாலு பேரும் ஓசியில் பார்த்தால் அடுத்த படத்துக்குக் காசு எங்கிருந்து வரும்?

விநியோகஸ்தர்கள் பக்கமும் பிழை உண்டு. வங்கி அட்டை இல்லாதவர் இணையத்தில் எப்படிக் காசு கட்டுவது? போன் ரீலோட் காசிலேயே ஒரு படத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்க வழி செய்தால் பாதிப் பேராவது கட்டுவார்கள் என்பது என் எண்ணம். அதுவரை எங்கள் பிள்ளைகளின் படத்தையாவது டொரென்டில் போடாதீர்கள். அவர்களே யூடியூப்பில் போட்டால் அங்கே போய்ப் பாருங்கள், பார்வை எண்ணிக்கையாவது அவர்களுக்குச் சேரட்டும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை